இரண்டு முறை சேர்த்த ஹீலியம்

சிங்காரத்தோப்பு,
கடலூர் முதுநகர்
5.1.2012

ஃபஹீமாவுக்கு,

சரண்யா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் இப்போது காரியம் ஆக வேண்டும் என்றதும் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரியம் ஆகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். முப்பதாம் தேதி விடியற்காலை புயல் கரையேறியபோது தெரு மொத்தமும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் நடு அறையின் மேலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டைக் காணோம். கட்டிலில் படுத்தால் நேராக வானம். அப்பாவின் ஃபைபர் போட் மேல் தென்னை விழுந்து பிளந்துவிட்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, என் போனும் லேப்டாப்பும் தண்ணீர் குடித்துச் செத்துவிட்டன. இதைப் பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு வருகிறாரே, அவர்தான்.

இப்போது விஷயம். ட்ரங்குப் பெட்டியில் இருந்த என் நோட்டுகள் பதினொன்றும் ஊறிவிட்டன. நேற்று அம்மா கருவாடு காயப்போடும் பழைய வலையை விரித்து, தாள் தாளாகப் பிரித்துப் பரப்பினோம். பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிளிஞ்சல். 2009 நோட்டில் உன் பக்கம் ஒன்று வந்தது. என் நீல மை எல்லாம் கரைந்து ஓடியிருக்க, உன் பச்சை மை மட்டும் திமிராக அப்படியே நின்றது. ‘கார்பன் மோனாக்சைடின் ஒளியளவை 4.35 ஆல் பெருக்கினால் கேலக்ஸியின் மொத்த வாயு எடை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, ‘ஹீலியம் இதிலேயே சேர்ந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய்.

அதைப் படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. ஏனென்றால் ஹீலியத்தை நான் தனியாகச் சேர்த்த ஞாபகம் இருக்கிறது. ப்ரோக்ராமின் கடைசியில், 1.36 ஆல் பெருக்கு என்று ஒரு வரி. அதை டைப் செய்தபோது முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். உன் 4.35 ஐ எடுத்துக்கொண்டு அதன் மேல் இதையும் போட்டிருந்தால், ஹீலியம் இரண்டு முறை சேர்ந்துவிட்டது. பதினாலு கேலக்ஸிக்கும். தீசிஸிலும், போன ஜூனில் நம் பெயரில் வந்த பேப்பரிலும். ஹீலியம் இல்லாத 3.2 ஐ எடுத்திருந்தால் தப்பில்லை. எதை எடுத்தேன்? முறுக்கு ஞாபகம் இருக்கிறது, எண் ஞாபகம் இல்லை.

நாம் தங்கும் லாட்ஜில் என் அலமாரியின் மேல்தட்டில் ப்ரோக்ராமின் பிரின்ட் இருக்கிறது. சாவி வாட்ச்மேன் காத்தவராயனிடம். இருநூறாவது வரியிலிருந்து பார்த்துச் சொல். வைவா இருபதாம் தேதி. மார்ச்சில் ஜெர்மனியில் சேர வேண்டும். அந்த வேலை எனக்கு எதனால் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். இந்தப் பதினாலில் மட்டும் முந்நூறு கோடி வருஷம் நட்சத்திரம் உண்டாக்குகிற அளவுக்கு வாயு கையிருப்பு இருக்கிறது, மற்றவற்றைவிட இவை விசேஷம் என்று நான் சொன்னதனால்தான்.

பயமாக இருக்கிறது ஃபஹீமா. வேறு யாரிடமும் சொல்லவில்லை. சீக்கிரம் பதில் போடு.

சரண்யா


அண்ணாமலை நகர்
7.1.2012

சரண்யாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மலர்க்கொடி அக்கா மெஸ்ஸுக்கே தேடி வந்து, நாலு பேர் முன்னால் “கடலூர் பொண்ணு ரொம்ப அவசரம்னுச்சு” என்று சொல்லிக் கொடுத்தார். ரகசியத்தை அனுப்ப நல்ல ஆளைப் பிடித்தாய்.

நீ உயிரோடு இருப்பது எனக்கு முன்பே தெரியும். பஸ் மறுபடி விட்ட நாளிலிருந்து கடலூர்ப் பக்கமிருந்து வந்த எல்லாரிடமும் சிங்காரத்தோப்பைப் பற்றிக் கேட்டேன். இதை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கேட்டதற்குப் பதில். 207-ஆம் வரியில் 4.35. 212-ஆம் வரியில் 1.36. இரண்டும் இருக்கின்றன. மூன்று முறை பார்த்தேன். கேன்டீன் பில்லின் பின்பக்கத்தில் கையாலும் கணக்குப் போட்டேன். நீ நூறு என்று எழுதிய இடத்தில் எல்லாம் உண்மையில் எழுபத்து மூன்றரைதான். முந்நூறு கோடி வருஷம் என்பது இருநூற்று இருபது கோடி வருஷம் ஆகிறது. மற்ற கேலக்ஸிகளுக்கு எல்லாரும் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே நம் பதினாலில் விசேஷம் ஒன்றும் இல்லை. சாதாரண கேலக்ஸிகள்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “ஹீலியத்த ஒரு தடவதான சேத்த?” என்று. ஜூனியர் பெண்கள் எல்லாரும் அறையில் இருந்தார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய், “மொதல்ல ஒன் சாப்டர முடி, அப்பறம் எனக்குப் பாடம் எடு.” அன்றைக்கு நம் அறையிலிருந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போனவள்தான். அதற்காக நீ ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை, தேடிப் பார்த்தேன்.

அறையைப் பூட்டிச் சாவியைக் காத்தவராயனிடம் கொடுத்துவிட்டேன். பிரின்ட்டை எங்கே எடுத்தேனோ அங்கேயே வைத்திருக்கிறேன். உன்னிடம் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைக்கு எழுத வரவில்லை.

ஃபஹீமா


சிங்காரத்தோப்பு
9.1.2012

ஃபஹீமா,

வருத்தம்தான். அக்டோபருக்கு வருத்தம். நேரில் சொல்ல வேண்டியதைப் புயல் அடித்தபிறகு தாளில் சொல்கிறேன், திட்டிக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பா கவனித்துவிட்டார். பிளந்த போட்டின் அருகே உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே, என்ன என்று கேட்டார். அப்பாவிடம் பொய் சொல்ல எனக்கு வராது. நட்சத்திரம் உண்டாகிற வாயு குளிர்ந்து இருட்டாகக் கிடக்கும், அது நம் கருவிக்குத் தெரியாது, அதோடு துளித்துளியாகக் கலந்திருக்கிற கார்பன் மோனாக்சைடு மட்டும் மினுங்கும், அதை அளந்து ஓர் எண்ணால் பெருக்கி மொத்தம் எவ்வளவு என்று சொல்கிறோம் என்றேன். அந்த எண்ணுக்குள்ளேயே ஹீலியம் இருந்தது தெரியாமல் இன்னொரு தடவை ஹீலியம் சேர்த்துவிட்டேன் என்றேன். அப்பா, “மீன் பெட்டிய ஐஸோட எட போட்டுட்டு, மறுபடியும் ஐஸுக்குன்னு சேத்துட்டியா?” என்று கேட்டார். ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்தவளுக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

நல்ல வார்த்தை ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கையில் இருந்த ஊசி நின்றுவிட்டது. ஏலத்தில் அப்படிச் செய்து மாட்டிய ஒருவரின் பெட்டிப் பக்கம் அப்புறம் எவனும் வரவில்லை என்றார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “வேற யாருக்காச்சும் தெரியுமா?” என்றார். ஃபஹீமாவுக்கு மட்டும் என்றேன். “அது சொல்லாது. நீயும் வாயத் தொறக்காத,” என்றார். கடலில் எதற்கும் அசையாத மனுஷன். அவர் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

இன்னொரு கூத்தைக் கேள். மாமா மகன் ஜெயப்பிரகாஷ் பாண்டிச்சேரியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துக்கொண்டு வந்துவிட்டான். பன்னிரண்டுக்கு எட்டு அடி. ‘எங்கள் சிங்காரத்தோப்பின் முதல் முனைவர்’ என்று போட்டு, நடுவில் என் ஐடி கார்டு போட்டோ, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கூரை போன வீடுகளுக்குத் தார்ப்பாய் கிடைக்காமல் ஊரே அலைகிறது, இவன் பேனர் அடித்திருக்கிறான். இருபதாம் தேதி சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கட்டுவார்களாம். சுருட்டி எங்கள் வீட்டில்தான் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். அம்மாவோ பார்க்கிறவர்களிடம் எல்லாம் தேதி சொல்லிவைத்திருக்கிறாள்.

கேட்கக் கூடாததைக் கேட்கப் போகிறேன். எனக்கு இங்கே கரண்ட் இல்லை. வைவாவுக்கு ஸ்லைடு நீதான் செய்து தர வேண்டும். அதில் வாயு எடைகள் இருக்கிற 4.2 அட்டவணையை மட்டும் விட்டுவிடு. இரண்டு எக்ஸாமினரும் தீசிஸைப் படித்து நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. நம் கைடு ஞானசேகரன் சாரும் கவனிக்கவில்லை. எண்ணைத் திரையில் காட்டாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஜெர்மனி போய்ச் சேர்ந்தபின் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிவிடுகிறேன். சத்தியமாக அனுப்புவேன். இப்போது வேண்டாம் ஃபஹீமா, இப்போது என்னால் முடியாது.

சரண்யா


அண்ணாமலை நகர்
12.1.2012

சரண்யா,

எழுத வரவில்லை என்றேனே, அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். மூன்று தாள் கசக்கிப் போட்டாயிற்று.

எனக்கு நவம்பர் பதினாலாம் தேதியே தெரியும்.

மேல்மாடிக்கு வந்தபின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் பேப்பரில் இருந்த ஒளியளவுகளை எடுத்து, பதினாலையும் உட்கார்ந்து கையால் பெருக்கினேன். ஒவ்வொன்றிலும் நீ அச்சிட்டது 1.36 மடங்கு ஜாஸ்தி. ஒன்று இரண்டு என்றால் என் கணக்கில் கோளாறு என்று நினைத்திருப்பேன். பதினாலும் ஒரே அளவுக்கு ஜாஸ்தி என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தத் தாளை மடித்து, என் அலமாரித் தட்டில் விரித்திருக்கிற செய்தித்தாளுக்கு அடியில் வைத்தேன். உன் வைவா தேதி நோட்டீஸ் போர்டில் வந்தபோது அதற்கு முன்னால் நின்று படித்தேன். எல்லார் முன்னாலும் எக்ஸாமினர் அதைக் கேட்பார், நீ பதில் தெரியாமல் நிற்பாய், அப்போது நான் கடைசி வரிசையில் இருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்தபோது நன்றாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

புயல் அடித்த மறுநாள்தான் எனக்குப் பயம் வந்தது. கடலூரில் வீடுகள் விழுந்தன, ஆட்கள் போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நீ போய்ச் சேர்ந்திருந்தால் அந்தத் தாளை என்ன செய்திருப்பேன்? யாரிடம் காட்டியிருப்பேன்? அல்லாஹ் மேல் ஆணையாக எனக்குத் தெரியவில்லை. உன் பயம் எக்ஸாமினரைப் பற்றி. என் பயம் என்னைப் பற்றி. நான் இப்படிப்பட்ட ஆள் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

உம்மாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன், பெயர் சொல்லாமல், வேறு யாருக்கோ நடந்தது போல. உம்மா, “அந்தப் புள்ள இப்பவாச்சும் சொல்லிடுச்சா?” என்று கேட்டார். கரண்ட் கட் ஆகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். போனுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உம்மா யோசித்திருப்பார்.

இனி நீ என்னைக் கேட்கலாமா, நான் உனக்குச் சொல்லலாமா என்று ஒன்றும் விளங்கவில்லை. நீ என்ன கேட்டாலும் செய்கிறேன். ஸ்லைடையும் செய்கிறேன்.

ஃபஹீமா


சிங்காரத்தோப்பு
14.1.2012

இரண்டு மாதம்.

நீ சாம்பார் பிடிக்காது என்று என் தட்டில் ஊற்றுவாய். எனக்கு டைஃபாய்டு வந்தபோது என் துணியைத் துவைத்தாய். இரண்டு மாதம் அந்தத் தாளைச் செய்தித்தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் என்னைத் தாண்டிப் போயிருக்கிறாய். நவம்பரில் சொல்லியிருந்தால் தீசிஸை நிறுத்தித் திருத்தியிருப்பேன். டிசம்பர் ஐந்தாம் தேதிதான் ரிப்போர்ட்டே வந்தது. எவ்வளவு நாள் இருந்தது. இதற்கு மேல் எழுதினால் அசிங்கமாக எழுதிவிடுவேன்.

16.1.2012

மலர்க்கொடி அக்கா பொங்கலுக்கு லீவு. அதனால் மேலே இருப்பது போகாமல் என்னிடமே இருந்தது. கிழிக்கலாம் என்று எடுத்தேன், கிழிக்கவில்லை. அதையும் படி.

போட் உடைந்துகிடக்க, கூரை பிய்ந்துகிடக்க, அம்மா விடாமல் பொங்கல் வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் பானையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார்கள். “எப்ப டாக்டராவப் போற?” என்று எதிர்வீட்டு சௌந்தரம் அத்தை கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். சொல்லும்போதே கண்ணைத் துடைத்தேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

நான் கத்தினதால் நீ சொல்லவில்லை. நீ சொல்லாததால் நான் இங்கே நிற்கிறேன். இதில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. ஸ்லைடைச் செய்து அனுப்பு. அட்டவணை வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். அப்பா சொன்னதையே நானும் சொல்கிறேன், வேறென்ன.

சரண்யா


அண்ணாமலை நகர்
17.1.2012

சரண்யா,

பென் டிரைவ் மலர்க்கொடி அக்காவின் டிபன் பையில், பிளாஸ்டிக் கவருக்குள் வருகிறது. சாம்பார் படாமல் எடுத்துவை.

அதில் இரண்டு ஃபைல் இருக்கின்றன. ஒன்றில் இருபத்து மூன்று ஸ்லைடு. நீ சொன்னபடியே, 4.2 அட்டவணை இல்லை. கேலக்ஸிகளின் படத்திலிருந்து நேராக முடிவுரைக்குத் தாவும். தாவுவது தெரியாமல் இருக்க நடுவில் ஓர் அழகான படம் போட்டிருக்கிறேன். நன்றாகவே செய்திருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இரண்டாவதில் இருபத்து நாலு ஸ்லைடு. பதினேழாவதில் அட்டவணை இருக்கிறது. நீ அச்சிட்ட எண் ஒரு பத்தி, சரியான எண் பக்கத்துப் பத்தி. நவம்பரில் நான் போட்ட கணக்குத்தான், செய்தித்தாளுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன்.

எதைத் திறப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. உனக்குச் சொல்கிற தகுதியை நவம்பரிலேயே விட்டுவிட்டேன். எதைத் திறந்தாலும் அதைச் செய்த கை என்னுடையதுதான் என்பதை மட்டும் நினைவில் வை.

ஃபஹீமா


சிங்காரத்தோப்பு
19.1.2012

ஃபஹீமா,

இது வைவாவுக்கு முன்னால் உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. அக்கா காலை முதல் பஸ்ஸில் வருகிறார், நான் அதற்கு அடுத்ததில்.

பென் டிரைவை அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன். எதைத் திறப்பேன் என்று எனக்கே தெரியாது. காலையில் ஒன்று தோன்றுகிறது, மத்தியானம் வேறொன்று. அட்டவணையோடு திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன்: அவர்கள் எழுந்து போய்விடுவார்கள், ஜெர்மனி போய்விடும், அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது. இல்லாமல் திறந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன்: ஒன்றும் ஆகாது. எல்லாரும் கைதட்டுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பேனருக்குக் கீழே நான் நிற்க வேண்டும். எது அதிகம் பயம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

அப்பா என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார்.

நீ வருவாயா? வந்தால் என் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார். வேண்டாம், படாத இடத்தில் உட்கார். எப்படியோ, வா.

சரண்யா


பரங்கிப்பேட்டை
22.1.2012

சரண்யா,

உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பின்கதவு வழியாகக் கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ தேடியிருப்பாய். இப்போது டவர் வந்துவிட்டது, உங்கள் வீட்டு எண் எனக்கு மனப்பாடம், ஆனால் அழுத்த விரல் வரவில்லை. அதனால் தபாலில் போடுகிறேன்.

நீ பதினாறாவது ஸ்லைடில் நின்றாய். அதன்பிறகு பதினேழாவது வந்தது. “இந்த அட்டவணை தீசிஸ்ல தப்பா இருக்கு சார்,” என்று தமிழில் சொன்னாய். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவள். வைவாவுக்கு வந்திருந்த எக்ஸாமினரின் முகத்தை நீ பார்த்தாயா? நான் பார்த்தேன். அவர் தீசிஸைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்து, தன் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவரும் பயந்துபோயிருந்தார் சரண்யா. பாராட்டிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

அப்புறம்தான் அவர் அதைக் கேட்டார், இது வேறு யாருக்காவது முன்பே தெரியுமா என்று. நீ என் பக்கம் பார்க்காமலே சொன்னாய், “ஃபஹீமா அக்டோபர்லயே கேட்டா சார். நாந்தான் அவள அதட்டி அனுப்பிட்டேன்.” எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏதோ பெரிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நான் எழுந்து நவம்பரைச் சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. ஆறு மாதத்துக்குள் நாலாவது அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதுவரை கேட்டேன். அதோடு வெளியே வந்துவிட்டேன்.

நேற்றுக் காலை ஞானசேகரன் சார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேதி உட்பட. சார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நீயும் என் ஸ்டூடண்ட்தானேம்மா,” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. பத்திரிகைக்குத் திருத்தக் கடிதத்தை நான் எழுதிவிட்டேன். மூன்று பேர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறது, என் கையெழுத்து ஆயிற்று, உன்னுடையதற்காக இதோடு வைத்திருக்கிறேன்.

அத்தியாயத்தைப் புதிதாக எழுத எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். நீ ஒப்புக்கொண்டால் ஒரு கேலக்ஸி நான், ஒரு கேலக்ஸி நீ. என்னுடையதை நீ சரிபார், உன்னுடையதை நான் சரிபார்க்கிறேன். முதலாவதைப் போட்டு அதையும் வைத்திருக்கிறேன். பத்தியின் தலைப்பில் ‘ஹீலியம் சேர்ந்தாயிற்று’ என்று பச்சை மையில் எழுதியிருக்கிறேன். நீ மாட்டேன் என்றாலும் எனக்குப் புரியும். மாட்டேன் என்பதையாவது எழுது. ஒன்றும் எழுதாமல் இருந்துவிடாதே, அதுதான் எனக்குப் பயம்.

ஃபஹீமா


சிங்காரத்தோப்பு
27.1.2012

ஃபஹி,

நவம்பருக்கான கோபம் இன்னும் போகவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். எக்ஸாமினரிடம் நவம்பரை நான் சொல்லாதது பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. அதுவும் பயம்தான். அதைச் சொன்னால் நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். முப்பது பேர் நின்றார்கள். ஜெயப்பிரகாஷ் பேனரை இரண்டு கம்பில் கட்டி நிமிர்த்தப் போனான், இன்னொருத்தன் பட்டாசுத் திரியைக் கையில் பிடித்திருந்தான். இன்னும் டாக்டர் ஆகவில்லை, தப்பு பண்ணிவிட்டேன், ஆறு மாதம் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். ஜெயப்பிரகாஷ்தான், “அப்ப இத என்னா பண்றது மாமா?” என்று அப்பாவிடம் கேட்டான்.

அப்பா கம்புகளிலிருந்து பேனரை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பயந்துகொண்டுதான் போனேன். வீட்டுக்கு வந்ததும் ஏணியைச் சாத்தி மேலே ஏறி, ஷீட் போன இடத்தில் அதை விரித்து, நாலு மூலையிலும் கயிறு கோத்து இழுத்துக் கட்டினார். எழுத்து இருக்கிற பக்கத்தை வெளியே தெரியாமல் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, “அங்க சொல்லிட்டியா?” என்று கேட்டார். சொல்லிட்டேன்பா என்றேன். “சரி, சாப்புடு,” என்றார்.

ஜெர்மனிக்கும் எழுதிவிட்டேன். இங்கே கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு நெட் சென்டருக்குப் போய் அதைத்தான் செய்தேன். பதில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன். திருத்தக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். சாரிடம் கொடுத்துவிடு.

உன் முதல் கேலக்ஸியைச் சரிபார்த்தேன், சரி. தலைப்பில் ஹீலியம் சேர்ந்தாயிற்று என்று நீ எழுதியிருந்தும் மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். இரண்டாவதை நான் போட்டு அனுப்புகிறேன். என்னை நம்பாதே, கையால் போட்டுப் பார்.

இதையெல்லாம் நடு அறையில் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தலைக்கு மேலே பன்னிரண்டுக்கு எட்டு அடியில், முதல் முனைவர் என்று போட்டு, நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் நிமிரவே பயமாக இருந்தது. நேற்று ராத்திரி நல்ல மழை. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சரண்யா